குளிப்பாட்டி எடுத்த படங்கள்

சாம் ட்ரோகியின் தேனீக்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்க வாய்ப்புண்டு, அவர் பெயர் தெரியாமலே. கன்னங்கரேலென்ற பின்னணி, நடுவில் மரகதப் பச்சையில் ஒரு தேனீ, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக. மேரிலாந்தில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் தேனீக் கணக்கெடுப்பு ஆய்வகத்தில் எடுத்தவை. அரசாங்க வேலை என்பதால் காப்புரிமை கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். 2015இல் ட்ரோகியும் லாரன்ஸ் பேக்கரும் சேர்ந்து 'பீஸ்' என்ற புத்தகமாகவும் கொண்டுவந்தார்கள்.

இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'கலை' என்ற சொல்லில் போய் நின்றுவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் சோம்பேறித்தனமான வாசிப்பு. இவை அழகுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. பெயர் சொல்வதற்காக எடுக்கப்பட்டவை.

தேனீ என்ற சொல்லிலேயே நமக்குத் தேன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகத்தில் விவரிக்கப்பட்ட தேனீ இனங்கள் 20,000க்கும் மேல். பெரும்பாலானவை தேன் சேர்ப்பதில்லை, கூட்டமாக வாழ்வதில்லை. மண்ணில் துளை போட்டுத் தனியாக இருப்பவையே அதிகம். இதில் லாஸியோகுளோஸம் என்றொரு பேரினம். அதன் பல இனங்கள் அரிசி அளவுதான், மங்கிய உலோக நிறம், பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், முதுகில் ஊசியால் குத்தியதுபோல் இருக்கும் குழிகளில். குழிகள் எவ்வளவு நெருக்கம்? நடுவில் உள்ள பரப்பு வழுவழுப்பா, சொரசொரப்பா? அடையாளக் கையேடு 'நெருக்கமான குழிகள்' என்று எழுதும். எதைவிட நெருக்கம்? ஏற்கெனவே பார்த்தவனுக்குத்தான் அந்தச் சொல் புரியும். ட்ரோகியின் படம் அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ஒரு சொல்லுக்கு எழுதிய உரை மாதிரி.

படம் எப்படி எடுக்கிறார்கள் என்பது இதைவிட முக்கியம். தேனீ செத்துப்போயிருக்கும். சோப்புத் தண்ணீர் நிரப்பிய வண்ணக் கிண்ணங்களை வயலில் வைத்துப் பிடிப்பது ஒரு வழக்கமான முறை. பிறகு அதைக் கழுவி, மயிர் ஒட்டாமல் பொசுபொசுவென்று நிற்க உலர்த்தி, ஊசியில் குத்தி, குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் எடுத்து மென்பொருள் ஒட்டிவிடும். மூக்கு முதல் முதுகு வரை ஒரே சமயத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு தேனீயை எந்தக் கண்ணும் பார்த்ததில்லை.

நம்மூரில் ஒருகாலத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. பார்க்கிறவர்களுக்கு அது என்ன படம் என்று தெரியும். இங்கே பிரச்சினை, பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. திரையில் அதை வைத்திருக்கும் ஆள் உயிருள்ள தேனீயைப் பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். புத்தகத்தின் மீது என் புகாரும் இதுதான். பக்கம் நிறைய ஒரு தேனீ, பக்கத்தில் குறிப்பு என்ற வடிவமே உருவப்படத்தைத்தான் கேட்கும். கருவியாக இருந்தது அதில் நட்சத்திரமாகிவிடுகிறது. எது எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று அருகருகே வைத்துக் காட்டும் அக்கறை அங்கே இல்லை.

"உயிரோடவே போட்டோ எடுக்கலாமே, எதுக்குக் கொல்லணும்?" நியாயமான கேள்வி. சில இடங்களில் பதில், கொல்ல வேண்டாம் என்பதே. அமெரிக்காவில் 2017இல் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்ட பாம்பஸ் அஃபினிஸ் வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் இரண்டாம் கண்டத்தில் துருநிறத் திட்டு ஒன்று இருக்கும். நல்ல கைப்பேசிப் படம் போதும். ஆனால் பிரிட்டனில் லூகோரம், கிரிப்டாரம், மேக்னஸ் என்ற மூன்று பாம்பஸ் இனங்களின் வேலைக்காரத் தேனீக்களைத் தோற்றம் பார்த்து உறுதியாகப் பிரிக்க முடியாது. டிஎன்ஏதான் பார்க்க வேண்டும். அதற்குக்கூட கால்நுனித் துணுக்கு ஒன்று போதும், உயிர் தேவையில்லை.

நான் மென்பொருள்காரன், 'மாடலை இன்னும் பயிற்றுவித்தால் சரியாகிவிடும்' என்ற பேச்சை வாரம் ஒருமுறையாவது கேட்கிறவன். பிக்ஸலில் இல்லாத விவரத்தை எந்த மாடலும் கண்டுபிடிக்காது. சரியாகச் சொல்லிவிட்டால், எந்த ஊர், எந்த மாதம், எந்தப் பூ என்பதை வைத்து ஊகித்திருக்கும். ஐநேச்சுரலிஸ்ட் செயலி இதில் கொஞ்சம் நாணயமானது. பல தேனீக்களுக்குப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அவசரம் நமக்குத்தான். ஒருவர் செயலியின் பட்டியலிலிருந்து இனப்பெயரைத் தட்டுகிறார், அடுத்தவர் அதே பட்டியலைப் பார்த்து ஆமாம் என்கிறார். இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் அந்தப் பதிவு ஆய்வுத்தரம் பெற்றுவிடலாம். இரண்டு சாட்சிகள் என்று கணக்கு. ஆனால் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே ஆள். நாளைக்கு ஒரு இனம் இந்தப் பகுதியில் குறைகிறதா என்று யாராவது தேடினால் இந்தப் பதிவுதான் கையில் கிடைக்கும்.

அதனால்தான் ட்ரோகியின் கிண்ணங்கள் மீது எனக்கு வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. ஊசியில் இருக்கும் தேனீயை இருபது வருடம் கழித்தும் திருப்பிப் பார்க்கலாம், பெயர் தப்பென்றால் மாற்றலாம். கைப்பேசிப் படத்தில் முதுகுக் குழி விழவில்லை என்றால் விழவில்லைதான்.

ஆய்வகத்தின் இலவசத் தொகுப்பில் பச்சைத் தேனீக்களைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போங்கள். கருப்பாக, சின்னதாக, யாரும் திரையில் வைக்காத லாஸியோகுளோஸம் முதுகுகள் வரும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு குழிகளுக்கு நடுவே பாருங்கள்.