பத்துக்குப் பன்னிரண்டு அறையும் போடிப் பஞ்சும்

வீட்டிலேயே ஒலிப்பதிவு என்றதும் நம்மவர்கள் காட்டும் முன்னுதாரணம் ஏ.ஆர். ரஹ்மான். 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டிப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் தொடங்கினார். 1992இல் 'ரோஜா' வந்தது. அந்தக் கதையிலிருந்து பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது கருவிகளின் பட்டியலை மட்டுமே. மைக், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கியாகிவிடும். அறையைப் பற்றி யோசிப்பது கடைசியில், அதுவும் மிச்சக் காசில். இந்த வரிசையே தப்பு என்பது என் கட்சி.

தேனி மாவட்டத்துப் போடி அருகேயுள்ள ராசிங்காபுரம் மாதிரி மலையடிவார ஊரில் ஒலிப்பதிவுக்கு ஒதுக்கக் கிடைப்பது பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடித் தார்சு அறை. உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். சிமெண்டுப் பூச்சுச் சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கு அளவுக்குத்தான் விழுங்கும். ஒலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சாபினின் சூத்திரத்தில் போட்டால், காலி அறையில் எழுப்பிய ஒலி அடங்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். பேச்சுக்கும் பாட்டுக்கும் அது அரை விநாடிக்குள் அடங்க வேண்டும். கட்டில், துணி அலமாரி வந்தால் கொஞ்சம் குறையும், போதாது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரு சுவர்கள் 56 ஹெர்ட்ஸையும் அதன் மடங்கான 112ஐயும் பிடித்து வைத்துக்கொண்டு முழங்கும். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் தரைக்கும் கூரைக்கும் நடுவே அதே முழக்கம் இன்னொரு தடவை சேர்கிறது. ஆண்குரலின் அடிநாதம் நிற்பதும் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள்தான். எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பது இதனால்தான்.

இதற்கு மருந்தாகக் கடையில் விற்பது ஒரு அங்குல ஃபோம் சதுரங்கள். அவை மேல் சுருதிகளை உறிஞ்சும். 112ஐத் தொடக்கூட முடியாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அதை ஒரு அங்குலத்தில் நிறுத்தப் பார்ப்பது நடக்காத காரியம். விளைவு முன்பைவிட மோசம்: பளபளப்பு செத்து முழக்கம் மட்டும் மிஞ்சும். முட்டை அட்டையைப் பற்றி எழுதுவதே வீண். அது ஒலிக்கு ஒன்றும் செய்யாது, தீக்கு மட்டும் உதவும்.

வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை; இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களே அதிகம். கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரைப் பஞ்சு நிறுத்தாது. கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும்தான் நிறுத்தும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு சந்து இருந்தால் போதும், எவ்வளவு தடித்த சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டிவிட்டு, திருவிழா நாளில் பதிவை ஒத்திப்போடுவதே புத்திசாலித்தனம். உறுமி, பறை பதிவை இந்த அறையில் முயலவே வேண்டாம். காற்றில்லாத விடியலில் மாந்தோப்பில் பதியுங்கள். எதிரொலி இல்லாத இடம் அதைவிட மலிவாகக் கிடைக்காது. ஆடிக் காற்றில் அது நடக்காது என்பது வேறு.

மறுபடி அறைக்குள் வருவோம். இதே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் வாத்தியக் குழுக்கள் பெரிய கூடங்களில் பதிவானவை. அங்கே கூடத்தின் ஒலி இசைக்கு அழகு சேர்த்தது. சின்ன அறைக்கு அப்படிச் சொந்த அழகு கிடையாது. அதை அடக்கத்தான் வேண்டும்.

எதால் அடக்குவது? போடி சுற்றுவட்டாரத்துக்கு இயல்பாகத் தோன்றும் பதில் இலவம்பஞ்சு. இழை உள்ளே குழலாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் ஒருகாலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளை இதால் நிரப்பினார்கள். நெருக்கமாக அடைத்த கனத்த மெத்தை நடு, மேல் சுருதிகளை நன்றாகவே விழுங்கும். உறைக்கு ஏலக்காய்ச் சாக்கு பொருத்தமானது. வாயால் ஊதினால் மறுபக்கம் காற்று வருகிற துணிதான் வேண்டும், சாக்கில் அது தாராளமாக வரும். ஆனால் சுவரில் நிற்க வைத்தால் பஞ்சு நாளடைவில் அடியில் இறங்கி மேல்பாதி காலியாகும். விதை சுத்தமாக நீங்காவிட்டால் எலி வரும். எல்லாவற்றையும்விட, பொறி பட்டால் குபீரென்று பிடிக்கும். வயர்களும் அடாப்டர்களும் சூடேறிக் கிடக்கும் மூடிய அறையில் நாலு சுவரிலும் அதை அடைப்பது அபாயம்.

இன்னொரு வழி, பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வூல். அது உள்ளூர்ச் சரக்கு இல்லை, வெட்டும்போது தோல் அரிக்கும், முகமூடி வேண்டும். ஆனால் ஆயிரம் டிகிரி வரை உருகாது, வைத்த வடிவில் நிற்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில் இரண்டங்குலப் பலகை இரண்டைச் சேர்த்து, சுவரிலிருந்து நாலங்குலம் தள்ளி வைத்தால் முழக்கம் ஓரளவு தளரும். இரண்டுக்கு நாலடிப் பலகை சுமார் பதினாறு தேவைப்படும். முதலில் நாலு மூலைகளுக்கு, அடுத்து தலைக்கு மேல், பிறகு பக்கச் சுவர்களுக்கு. ஸ்பீக்கர்களைப் பத்தடிச் சுவரை ஒட்டி, இடமும் வலமும் சமமாக வையுங்கள்; உட்காருமிடம் அந்தச் சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி. அறையின் நட்டநடு கூடவே கூடாது.

ஆகவே சுவரிலும் மூலையிலும் ராக்வூல்தான். இலவம்பஞ்சுக்கு ஒரே இடம் உண்டு: பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால், பதிவு முடிந்ததும் மடித்து வெளியே எடுத்துவிடக்கூடிய ஒரு மெத்தையாக. காசு குறைவென்றால் மைக்கின் விலையில் பாதியைக் குறையுங்கள், பலகையில் குறைக்காதீர்கள்.