கார்புரேட்டர் மாற்றம்: புதுப்பேட்டையும் பஞ்சிகாவத்தையும்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு வேறு கார்புரேட்டர் பொருத்தும் வழக்கம் இந்தியாவில் வேகத்தின் பெயரால் நடக்கிறது. இலங்கையில் அதே வேலை, வண்டி நாளைக்கும் ஓட வேண்டும் என்பதற்காக நடக்கிறது. இந்த இரண்டில் இலங்கைக் கராஜ்காரர்களின் கணக்குத்தான் எஞ்சினுக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன். கார்புரேட்டரை அளக்க வேண்டியது கிடைக்கும் எரிபொருளையும் வண்டி செய்யும் வேலையையும் வைத்து. அதன் பெயரையோ வாயின் அகலத்தையோ வைத்து அல்ல.

இந்தியப் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டுகளில் தொடக்க காலத்தவை அமால் கார்புரேட்டரோடு வந்தவை. அதன் உடலும் உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் மென்மையான துத்தநாகக் கலவை. ஒன்றோடொன்று உரசித் தேய்ந்ததும் இடைவெளி வழியே காற்று திருட்டுத்தனமாக நுழையும்; ஐடிலிங் நிற்காது. எஞ்சினோடு அதைப் பிடிக்கும் இரண்டு நட்டையும் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் பிளேஞ்சே வளைந்துவிடும். பிற்காலப் புல்லட்டுகளில் வந்த மிக்கார்ப், மிக்குனி வடிவமைப்பில் சென்னையிலேயே தயாரானது. தேய்ந்த அமாலைக் கழற்றிவிட்டு 24 மில்லிமீட்டர் மிக்கார்ப் மாட்டுவது, ஒரே வண்டியின் தம்பியிடம் கடன் வாங்குவது போலத்தான். சிக்கல் அடுத்த படியில். சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் 500 சிசி புல்லட்டின் 28 மில்லிமீட்டர் மிக்கார்பும் கிடைக்கிறது என்பதால், 346 சிசி எஞ்சினுக்கு அதையே மாட்டிவிடுகிறார்கள். நான்கு மில்லிமீட்டர் என்றால் சின்ன வித்தியாசமாகத் தோன்றும். பரப்பளவில் அது ஏறத்தாழ 36 சதவீதம் கூடுதல். வாய் அகலமானால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாகத் தூளாகாது. நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது கிடைக்கிற இழுவை, அதாவது புல்லட் வாங்குவதற்கே காரணமான அந்தக் குணம், முதலில் அடிபடுவது இங்கேதான். முழு திராட்டிலில் லாபம் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் ஹெட்டின் போர்ட்டும் வால்வும் பழைய அளவிலேயே இருக்கும்போது அந்த லாபம் சொற்பம். தினசரி ஓட்டத்தில் முழு திராட்டில் எத்தனை நிமிடம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் பழைய வண்டி என்றால் சிலோன் காலத்து பிஎஸ்ஏ, டிரையம்ப் மட்டுமல்ல; ஜப்பானிலிருந்து வந்த ஹோண்டா சிடி 125, எம்டி 90 போன்றவையும்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நீடித்தபோது, இந்த வண்டிகளைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிபாகக் கடைகளில் எது கிடைக்கிறதோ அதிலிருந்துதான் தேர்வு. பெரும்பாலும் கெய்ஹின் பாணியில் சீனாவில் வார்த்த கார்புரேட்டர். சிடி 125 இரட்டைச் சிலிண்டர் வண்டி, ஆனால் இரண்டுக்கும் ஒரே கார்புரேட்டர். அளவு பிசகினால் இரண்டு பிளக்கும் சேர்ந்தே கறுக்கும். அதனால் மெக்கானிக் முதலில் வாயையும் பிளேஞ்சையும் அளக்கிறார், பிறகு ஜெட்டில் நேரம் செலவிடுகிறார். 2008 முதல் நடைமுறையில் உள்ள ஆண்டுப் புகைப் பரிசோதனையும் ஒரு கடிவாளம்: அதில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. சீன வார்ப்பு மட்டம், ஜெட்டில் பொறித்த எண்ணையே நம்ப முடியாது என்ற குற்றச்சாட்டு உண்மைதான். எண்ணை நம்ப முடியாததால்தான் பிளக்கின் நிறத்தை நம்புகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு வடக்கில் இன்னும் கடுமையான ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1990-களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வருவது அரிதானது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, எஞ்சினைத் தட்டவைக்கும், கீழே கசிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். எஞ்சின்களுக்கு அது நல்லதல்ல. ஆனாலும் கார்புரேட்டர் என்பது எரிபொருளோடு சேர்த்தே யோசிக்க வேண்டிய பொருள் என்பது அங்கே யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத பாடமானது.

இனி இரண்டு மறுப்புகள். மாற்றினால் பழமை கெடும் என்பது முதலாவது. இந்தியாவில் 2021-இல் வந்த விதி, ஐம்பது வயது கடந்த வண்டியை மூல வடிவத்திலேயே இருந்தால்தான் விண்டேஜ் என்று ஏற்கிறது. விண்டேஜ் பதிவு எண்ணோடு தினமும் சாலையில் ஓட்டவும் முடியாது. காட்சி வண்டிக்கு அமாலையே ஸ்லீவ் போட்டுச் சீர்செய்வதுதான் சரி. அதில் எனக்கு வாதம் இல்லை. ஓடும் வண்டிக்கு, அடாப்டர் வைத்து இரண்டு நட்டில் மாட்டிய கார்புரேட்டர் எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடியது. ஹெட்டை ராவுவதும் புது ஓட்டை போடுவதும்தான் திரும்பாத சேதம்.

இரண்டாவது மறுப்பு: இலங்கையின் வழி பற்றாக்குறையின் வழி, எல்லாம் கிடைக்கும் இந்தியாவுக்கு அது எதற்கு? கார்புரேட்டர் எல்லாம் கிடைக்கிறது. எரிபொருளைத் தேர்ந்தெடுக்கத்தான் இப்போது வழியில்லை. 2022-இல் பெட்ரோலில் பத்து சதவீதமாக இருந்த எத்தனால் 2025-இல் இருபதை எட்டிவிட்டது. எத்தனால் தன்னிலேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், அதே காற்றுக்கு ஏழெட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவைப்படும். பழைய ஜெட்டோடு ஓடும் புல்லட் கலவை மெலிந்து சூடாகும். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் ஃப்ளோட் சேம்பரில் துத்தநாகம் வெண்ணிறமாகப் பூக்கும். 28 மில்லிமீட்டர் வாய் இதில் எதையும் தீர்க்காது. 24-ஐயே வைத்துக்கொண்டு, மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றி, ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி, சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே இதற்கான வேலை.