லைக்காவின் கதையில் எது வரலாறு?

1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக்-2இல் ஏற்றி அனுப்பப்பட்ட நாய் லைக்கா பல நாள் உயிரோடு இருந்ததாகவே சோவியத் அரசு உலகை நம்பவைத்தது. வெப்பம் தாங்காமல் சில மணி நேரத்திலேயே அது செத்துப்போன உண்மை 2002இல்தான் வெளிவந்தது. நிக் அபாட்ஸிஸின் 'லைக்கா' கிராபிக் நாவல் 2007இல் வந்தது.

மனிதன் விண்ணுக்குப் போவதற்கு முந்தைய அந்த ஆண்டுகளைச் சொல்லப் படக்கதை நன்றாகவே பொருந்துகிறது. சோவியத் தரப்பில் எல்லாமே ரகசியம். ராக்கெட்டுகளின் தலைமை வடிவமைப்பாளர் கொரோலேவின் பெயரே 1966இல் அவர் இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. கேமராவை விடாத இடத்துக்குள் ஓவியர் நுழைகிறார். குலாக் என்னும் கட்டாய உழைப்பு முகாமிலிருந்து விடுபட்டு, நிலவொளியில் பனிவெளியில் தன்னந்தனியே நடக்கும் கொரோலேவோடு நூல் தொடங்குகிறது. அக்டோபர் புரட்சியின் 40ஆம் ஆண்டுக்கு இன்னொரு கலம் வேண்டும் என்று பின்னால் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கேட்கும்போது, கொரோலேவ் ஏன் மறுக்கவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பனி போதும்.

சிக்கலும் இங்கேதான். 'இப்படி நடந்திருக்கலாம்' என்று எழுதலாம், வரைய முடியாது. லைக்காவைப் பராமரிக்கும் யெலேனா கற்பனைப் பாத்திரம்; விஞ்ஞானி கசென்கோ நிஜ மனிதர். இருவரும் ஒரே மையில், ஒரே கட்டத்துக்குள் நின்று பேசுகிறார்கள். அந்தந்தத் தேதிக்கு நிலவின் பிறையைக்கூடச் சரிபார்த்து வரைந்தவர் அபாட்ஸிஸ். அந்தக் கவனமே வாசகனை ஏமாற்றுகிறது: நிலவு சரி என்றால் வசனமும் சரியாகத்தானே இருக்கும்! லைக்காவின் குட்டிப் பருவத்தைப் புனைந்ததில் எனக்குக் குறையில்லை. மாஸ்கோ தெருநாய்க்கு ஏது ஆவணம்? ஆவணம் உள்ளவர்களின் வாயில் வசனம் வைப்பதுதான் உறுத்துகிறது.

நிலவுக்கான போட்டியைச் சொல்லும், ஜிம் ஒட்டாவியானி எழுதிய 'டி-மைனஸ்' (2009) படக்கதை வேறு வழியில் போகிறது. பக்க ஓரங்களில் சின்னச் சின்ன ராக்கெட்டுகள், ஏவிய தேதி, வெற்றியா தோல்வியா என்ற குறிப்பு. நேர்மையான உத்திதான். ஆனால் தகவல் நெரிசலில் மனிதர்கள் ஒருவர்போல் ஒருவர் மங்கிப்போகிறார்கள். அமெரிக்காவின் அப்போலோ நிலவுத் திட்டத்துக்கு உழைத்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். படக்கதை தாங்குவதோ சில முகங்களைத்தான்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் 'லைக்கா'வையே எடுப்பேன். பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுப்பவர்கள், யெலேனா என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்பதையும் கூடவே சொல்லிக் கொடுங்கள்.