அரக்கனும் அயலவனும்: ‘சங்காரம்’ பற்றி ஒரு குறிப்பு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, வவுணதீவு, கன்னன்குடா முதலான படுவான்கரைக் கிராமங்களில் கூத்து இன்றும் ஆடப்படுகின்றது. அதன் வடமோடி ஆட்டத்தைக் கொண்டே சி. மௌனகுரு 1969 இல் ‘சங்காரம்’ நாடகத்தை ஆக்கினார். சாதி முதலிய கொடுமைகள் அரக்கர்களாகத் தோன்றி, உழைப்போரால் அழிக்கப்படுவதே அதன் கதை. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்த 1968 இற்கு மறு வருடத்தில் அத்தகைய நாடகம் காலத்தின் தேவையாயிருந்தது என்பதில் ஐயமில்லை.

எனினும், சாதி அரக்கனாக்கப்பட்டதும் பார்வையாளன் தப்பிவிடுகிறான், கோரைப்பல் தனக்கில்லையே! படுவான்கரையில் அவ்விவாதம் எழுவது களரியிலன்று. அரங்கேற்றத்துக்கு நெடுநாள் முன்னர், சட்டம் கொடுக்கும்போது, அரச வேடம் யாருக்கு, சேவகன் வேடம் யாருக்கு என்ற பங்கீட்டில் குடி மதிப்பும் செல்வாக்கும் நுழைவதுண்டு. அங்கே எதிரில் இருப்பவன் அரக்கனல்லன். மச்சான், அயலவன், நாளை வயலுக்கு வேண்டியவன். வாய் திறப்பது எளிதன்று.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், ஆடுவோரையே அமர்த்திச் சாதி பற்றியும் பெண் பாத்திரங்கள் பற்றியும் பேசவைத்தது. அதில் வர்க்க நோக்குப் பின்தள்ளப்படுகின்றது என்பது என் குறை. ஆயினும், மேடையில் அரக்கனை வதைத்துவிட்டு இறங்கிய முற்போக்காளராகிய நாம் கேளாதுவிட்ட கேள்விக்கு அது இடமளித்தது: இவ்வருடம் அரசனாக ஆடுவது யார்?