மலேரியா மருந்தும் கொரோனா நோயாளியின் இதயமும்

குளோரோகுயின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆகிய மலேரியா மருந்துகள், இதயத் தசைச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் ஒரு வழியை ஓரளவு அடைக்கின்றன. அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகத் தாமதமாகிறது. இ.சி.ஜி.யில் இது க்யூ.டி. இடைவெளி நீள்வதாகத் தெரியும். துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய இடைவெளி 500 மில்லிவினாடியைத் தாண்டினால், உயிரைப் பறிக்கக்கூடிய ‘டார்சேட்ஸ்’ என்னும் தாறுமாறான துடிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. சிங்கோனா மரப்பட்டையில் கிடைத்த குயினிடின் காலத்திலிருந்தே மருத்துவர்கள் அறிந்த ஆபத்து இது.

2020இல் கொரோனா நோயாளிகளுக்கு இவற்றைக் கொடுத்ததற்கு நியாயம் இல்லாமலில்லை. விலை மலிவு, ஆய்வுக்கூடத்தில் குரங்கின் சிறுநீரகச் செல்களில் வைரஸ் பெருகுவதைத் தடுத்தன, லூபஸ், முடக்குவாத நோயாளிகள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு வருகிறார்கள். கைவசம் வேறு மருந்து இல்லாதபோது முயன்று பார்த்ததில் தவறில்லை. தவறு முயன்ற விதத்தில் இருந்தது.

மருந்து பழையதுதான், அது போய்ச் சேர்ந்த உடல் வேறு. கடும் தொற்றின் அழற்சியே க்யூ.டி.யை நீட்டும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறையும். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கும். போதாக்குறைக்கு, க்யூ.டி.யை நீட்டக்கூடிய அசித்ரோமைசினும் சேர்த்தே தரப்பட்டது. இடைவெளி நீண்டதைக் கண்டு நிறுத்தினாலும் பயன் உடனே கிட்டாது. இம்மருந்துகள் உடலில் வாரக்கணக்கில் தங்குபவை.

பிரேசிலின் மனவுஸ் நகரில் 81 கொரோனா நோயாளிகளிடம் நடந்த சோதனை இந்த ஆபத்தைக் காட்டியது. ஒரு பிரிவினருக்கு நாளுக்கு இருமுறை 600 மில்லிகிராம் வீதம் பத்து நாள், அதாவது 12 கிராம் குளோரோகுயின் என்பது திட்டம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மலேரியாவுக்குத் தரும் மொத்த அளவு ஒன்றரை கிராம்தான்! பதின்மூன்றாம் நாளுக்குள் அதிக அளவுப் பிரிவில் 39 விழுக்காட்டினரும் குறைந்த அளவுப் பிரிவில் 15 விழுக்காட்டினரும் இறந்தனர்; அதிக அளவு தருவது நிறுத்தப்பட்டது. அந்தப் பிரிவில் முதியோரும் இதய நோயாளிகளும் கூடுதலாக இருந்ததால், வேறுபாடு முழுவதையும் மருந்தின் தலையில் கட்ட முடியாது.

எச்சரித்தவர்கள் பக்கமும் சறுக்கல் உண்டு. இம்மருந்துகளால் துடிப்புக் கோளாறும் மரணமும் பெருகுவதாகச் சொன்ன ‘லான்செட்’ மருத்துவ இதழ்க் கட்டுரை, அதன் தரவுகளைச் சரிபார்க்க முடியாததால் 2020 ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது.

நம்பத்தக்க விடை பிரிட்டனின் ‘ரெக்கவரி’ சோதனையில் கிடைத்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்றவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 27 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 25. பெரிய துடிப்புக் கோளாறுகள் புதிதாகக் கூடவில்லை. ஆகவே மருத்துவமனைக் கண்காணிப்பில் இதய ஆபத்து, அஞ்சிய அளவுக்குப் பெரிதல்ல. ஆனால் அதை ஏற்பதற்கு ஈடாக நோயாளிக்குக் கிடைத்த பயன் ஏதுமில்லை. இ.சி.ஜி. எடுக்காமல் வீட்டிலேயே மாத்திரை விழுங்கியவர்களுக்கு அந்தக் கண்காணிப்பும் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் மார்ச் மாதம் தந்த அவசர அனுமதியை ஜூன் 15 அன்று விலக்கிக்கொண்டது. பயன் உறுதியாகத் தெரிந்த லூபஸுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இன்றும் தரப்படுகிறது.