எஞ்சின் இருக்கிறது, பாதை போட்டவர்கள் இல்லை

போரில் இறந்த ஜப்பானியப் படையினருக்கான, டோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்தில் இருக்கிறது யூஷூகான் என்ற போர் அருங்காட்சியகம். 1882-இல் தொடங்கியது. முன்கூடத்தில் ஜீரோ போர் விமானத்தோடு சி56 31 என்ற கறுப்பு நீராவி எஞ்சினும் நிற்கிறது. 1943 அக்டோபர் 25 அன்று, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை போடவைத்த சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதைத் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின் அது. அந்தப் பாதையில் வேலை பார்த்த ஜப்பானிய ரயில் படையினர் 1979-இல் அதைத் தாய்லாந்திலிருந்து மீட்டு வந்தார்கள். 415 கிலோமீட்டர் பாதையைக் கடுங்காட்டில் போட்ட சாதனையை விளக்கப் பலகை சொல்கிறது. போட்டவர்கள் செத்ததைச் சொல்வதில்லை.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு இது அயலூர்ச் சங்கதி அல்ல. கங்காணிகள் மலாயாவுக்கு ஆள் பிடித்த மாவட்டங்களில் பழைய தென்னார்க்காடும் ஒன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும்தான் ஜப்பானியர் இந்தப் பாதை போடச் சயாமுக்கு ஓட்டிச் சென்றார்கள். மலாயாவிலிருந்து போன சுமார் 75,000 பேரில் பெரும்பாலோர் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களில் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயின.

யூஷூகானின் பலத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது தளபதிகளின் வாளோடு நின்றுவிடுவதில்லை. செத்த சாதாரணச் சிப்பாய்களின் படங்களை வரிசை வரிசையாக வைத்து, தாய்க்கு எழுதிய கடைசிக் கடிதத்தையும் காட்டுகிறது. போரை முகங்களாகக் காட்டும் இந்த முறை பல ராணுவ அருங்காட்சியகங்களுக்குக் கைவராதது. ஆனால் அந்தத் துக்கமே திரையாகவும் ஆகிவிடுகிறது. இந்தப் பிள்ளைகளின் படை யாரையெல்லாம் கொன்றது என்று கேட்பது, எழவு வீட்டில் கணக்குக் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.

ஆசியாவின் விடுதலைக்கு இந்தப் போரே வழி திறந்தது என்பது யூஷூகானின் வாதம். முழுப் பொய் என்று தள்ள முடியாது. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். தோட்டத் தமிழர்கள் அவர் படையில் சேர்ந்தார்கள். நான்கே நாளில் இந்த எஞ்சினுக்குத் திறப்பு விழா. படைக்கும் தண்டவாளத்துக்கும் ஆள் கொடுத்தவை அதே தோட்டங்கள். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விழுங்குவதுதான் குறை. போருக்குப் பின் நடந்த டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் ஜப்பானியத் தலைவர்கள் எல்லோரையும் விடுவிக்கச் சொன்ன நீதிபதி ராதா பினோத் பாலுக்கு 2005-இல் யசுகுனியில் நினைவுக்கல் வைத்தார்கள். ஜப்பானியப் படைகளின் கொடுமைகளுக்குச் சான்று மலையாகக் குவிந்திருப்பதை அவரும் ஏற்றார் என்பது அந்த மரியாதைக்குள் மறைந்துபோகிறது.

இதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைக்க வேண்டும். தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் இந்தப் பாதை வேலையில் இறந்த ஏறத்தாழ 7,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் முறையாக அடக்கப்பட்டிருக்கிறார்கள். தமிழ்க் கூலிகளுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. நாம் மட்டும் என்ன செய்தோம்? கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை என்றால் ஆங்கிலேயர் கிளைவையும் பிரெஞ்சுத் தளபதி லாலியையும் சொல்வோம். 1781-இல் சிதம்பரம் கோயிலே கோட்டையாகி ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையைத் திருப்பி அனுப்பியது. அங்கே மடிந்த இருதரப்புச் சிப்பாய்களின் பெயர் நம் வாயில் வருவதில்லை. சயாம் சாவுகளைக்கூட ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற மலேசியத் தமிழ் நாவல்கள்தான் சுமந்தன.

எஞ்சினை அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டியதில்லை. பலகையில் செத்தவர்களுக்கு இரண்டு வரி சேர்த்தால், அது இப்போதைவிட நேர்மையான காட்சிப்பொருளாகும். அப்படிக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், மலாயா போனவர்களின் கடிதங்களையும் கப்பல் சீட்டுகளையும் அவர்கள் ஊர்களிலேயே தேடிச் சேர்க்கும் வேலை கடலூர் அரசு அருங்காட்சியகத்திலிருந்து தொடங்க வேண்டும்.