ஆற்றுப்படையும் வழிக்கணக்கும்

மலைபடுகடாத்தைப் பாடமாக நடத்தும்போது நன்னனின் கொடையும் மலையில் எழும் ஓசைகளும் விரிவாகப் பேசப்படுகின்றன. கூத்தர் நடக்க வேண்டிய வழியோ ‘இயற்கை வருணனை’ என்னும் சிறு தலைப்புக்குள் ஒடுங்கிவிடுகிறது. 583 அடிகள் கொண்ட பாட்டின் நடுப்பகுதியைப் பெருங்கௌசிகனார் வழிக்கே ஒதுக்கியிருக்க, அதனை அழகுக்காகச் செருகிய ஓவியம் என்பது பொருந்துமா? தொழிலின்பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்வோர்க்கு அத்தொழில் அறிந்தவன் வகுத்துத் தந்த வழித்திட்டம் அது.

அத்தகைய திட்டம் எளிதன்று என்பதை இக்காலக் கணிதம் காட்டும். பாசிர் கூடாங்கில் எந்திரம் பழுதுபார்க்கும் ஒருவர் தஞ்சோங் லங்சாட், மாசாய், உலு திராம் என ஒரே நாளில் பத்து இடங்களுக்குச் செல்ல வேண்டியிருப்பதாகக் கொள்க. அவற்றை வரிசைப்படுத்த 3,628,800 முறைகள் உண்டு. பதினைந்து இடங்களாயின் அவ்வெண் ஓர் இலட்சம் கோடியைத் தாண்டும். 1954இல் டான்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்னும் மூவர் அமெரிக்காவின் 49 நகரங்களைச் சுற்றிவர மிகக் குறுகிய வழியைக் கண்டனர். 1959இல் டான்சிக்கும் ராம்சரும் பெட்ரோல் நிலையங்களுக்குச் செல்லும் பல லாரிகளுக்கு வழி பிரிக்கும் கணக்கை வகுத்தனர். கிளார்க்கும் ரைட்டும் 1964இல் தந்த முறை எளியது. ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனியே போய்த் திரும்புவதாக முதலில் கொள்ள வேண்டும். பிறகு எந்த இரு பயணங்களை இணைத்தால் தூரம் மிகுதியாக மிஞ்சுமோ அவற்றை இணைத்துக்கொண்டே போக வேண்டும். இவையெல்லாம் தூரத்தைக் குறைக்கும் முயற்சிகள்.

பெருங்கௌசிகனார் குறைக்க முயல்வது துன்பத்தை. பன்றிக்கு அஞ்சிப் புனத்தார் வைத்த கற்பொறிகள் உள்ள வழியில் இருளில் போகாதீர், விடிந்தபின் செல்லுங்கள் என்கிறார். பாம்புகள் மறைந்திருக்கும் குழிகளை உணர்த்துகிறார். யானையை விரட்டப் பரண்மேலிருந்து வீசும் கவண்கல் படாதபடி மரத்தில் மறையச் சொல்கிறார். இரவில் குகையிலே தங்க வேண்டும். எப்போது நடப்பது, எங்கே நிற்பது என்ற காலக்கணக்கும் இதனுள் அடங்கியிருத்தல் காண்க.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்குப் பாணனை அனுப்புகிறார். ஒவ்வோரிடத்திலும் யார் என்ன உணவு தருவர் என்பதையும் சொல்லிவிடுகிறார். இதனை வெறும் விருந்துப் பட்டியல் என்று தள்ளும் உரையாளர் பசியோடு வழிநடந்து அறியாதவர் போலும்!

ஆற்றுப்படைக்கும் குறை உண்டு. வருவோரையெல்லாம் ஒரே வள்ளலிடம் அனுப்புகிறதேயன்றிப் பலரைப் பல இடங்களுக்குப் பங்கிடும் வகை அதில் இல்லை. ஒருவர்மேல் வேலை குவிய மற்றவர் சும்மா இருக்கும் நிலையை நீக்குவதில் கணிப்பொறியின் கணக்கே மேலானது. அதை மறைத்து ‘எல்லாம் நம் முன்னோர் கண்டதே’ என்று முழங்குவது திறனாய்வு ஆகாது.

ஆயினும் வழியைச் சொல்பவர் யார் என்ற வினா எஞ்சுகிறது. பரிசு பெற்று மீள்பவனே பெறாதவனுக்கு வழிகூற வேண்டும் என்பது தொல்காப்பியப் புறத்திணையியல் கண்ட நெறி. இன்றோ பட்டியலைத் தீட்டுபவர் அலுவலகத்தில் இருக்கிறார். துறைமுகச் சாலையில் லாரிகளுக்கிடையே சிக்கி, அடுத்த ஆலைக்கு நேரம் தவறிவிட்டதே என்று தவிப்பவர் வேறொருவர். மலைபடுகடாத்தில் வழிநடப்பவனுக்கும் ஒரு கடமை விதிக்கப்படுகிறது. வழிகள் கூடும் இடத்தைத் துடைத்து, பின்னால் வரும் புதியவர் அறியும்படி புல்லை முடிந்து வைக்க வேண்டும். வகுத்த திட்டம் நடப்பவன் கையால் திருத்தம் பெறுகிறது.

2021இல் அமேசான் நிறுவனமும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் ஒரு வழிக்கணக்குப் போட்டி நடத்தின. அதில் மிகக் குறுகிய வழிக்கு முதன்மை தரப்படவில்லை. பொருள் கொண்டுசேர்க்கும் தேர்ந்த ஓட்டுநர்கள் உண்மையில் சென்ற வரிசையை எந்த விடை ஒத்திருந்ததோ அதுவே சிறந்ததாக மதிக்கப்பட்டது. ஒரு தெருவை அவர்கள் ஏன் பின்னுக்குத் தள்ளினார்கள் என்பதை நிலப்படம் சொல்லவில்லை. அவர்கள் சென்ற தடத்திலிருந்துதான் கணிப்பொறி அதைக் கற்க வேண்டியிருந்தது.